பெரியவளின் வயிறு

பல் கட்டும் கூடத்தில் எல்லோரும் அவளை அக்கா என்று கூப்பிடுவார்கள். வீட்டில் மட்டும் அவள் சின்னவள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும், மூத்தவள் இறந்து பல வருடம் ஓடிய பிறகும், அம்மாவுக்கு அவள் சின்னவள்தான். பெரியவள் என்று ஒருத்தி இருந்தால்தானே சின்னவள் என்று ஒருத்தி இருக்க முடியும்? அதனால் அம்மா அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் வீட்டில் மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பதுபோலவே தோன்றும். இருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். அப்பா முன்பே போய்விட்டார்.

அவள் வேலை செய்த கூடம், மாடிப்படிக்கு அடியில் தொடங்கிப் பின்சந்து வரை நீண்ட ஓர் அறை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகள் ஈரத்துணியில் சுற்றி அங்கே வரும். அவற்றில் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றிக் காயவிட்டுப் பிரித்தால், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் வாய் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகில் பல் செதுக்குவது அவள் வேலை. முதலாளியின் புருவத்தில்கூட எப்போதும் வெள்ளைப்பொடி அப்பியிருக்கும் என்பதால் அவருக்கு ஊரே வைத்த பெயர் சுண்ணாம்பு. அச்சைப் பார்த்து ஆளைச் சொல்வது அவருடைய பொழுதுபோக்கு.

"இந்த ஆளப் பாரும்மா. வீட்ல பொண்டாட்டி பேசறதுக்கு ஒரு பதில் சொல்ல மாட்டான் போல. பல்லக் கடிச்சுக் கடிச்சே மொட்டையாக்கி வெச்சிருக்கான்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அவள் மேசைக்கு மேலிருந்த அலமாரியில், யாரும் கேட்டு அனுப்பாத ஓர் அச்சு இருந்தது. அதைப் பற்றி மட்டும் சுண்ணாம்பு ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அது பெரியவளின் வாய்.

சின்னவள் தொழில் பழகிய புதிதில் அச்செடுத்துப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். "எடுத்துக்கோ. சாப்பாட்டுக்குத்தான் இந்த வாய் உதவல. உன் படிப்புக்காவது உதவட்டும்" என்றாள்.

அவள் சாப்பிடாமல் இல்லை. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வாயெல்லாம் புண், முழங்கையில் தீராத அரிப்பு, சதா வயிற்றுப்போக்கு. துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் நின்றால் கொடியில் கிடப்பது எது, நிற்பது எது என்று தெரியாது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், சத்து டானிக் கொடுத்தார்கள். ஒரு டாக்டர் எல்லாம் மனசுதான் என்று சொல்லி அனுப்பினார். உறவுக்காரர்கள் பிடிவாதம் என்றார்கள். அம்மா மட்டும் எதையும் சொல்லவில்லை. எளிதில் செரிக்கட்டும் என்று ரொட்டியைப் பாலில் நனைத்து, மடியில் சாய்த்துக்கொண்டு ஊட்டினாள். வேளை தவறாமல் ஊட்டினாள். ஒரு காய்ச்சல் வந்தது. தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. பெரியவள் நாற்பதைத் தொடவில்லை.

சின்னவளுக்கும் வயிறு சரியில்லாமல் போனபோது, அவள் அதை அம்மாவிடம் மறைத்தாள். அம்மா அறையை விட்டுப் போகும்வரை நேராக நிமிர்ந்து உட்காருவாள். போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிவாள். எத்தனை நாள் இப்படி ஓட்டியிருப்பாளோ தெரியாது. ஒருநாள் பல்லின் நிறம் பார்த்துச் சொல்வதற்காகக் கூடத்துக்கு வந்திருந்த பல் டாக்டரம்மா, பேசிக்கொண்டே அலமாரியிலிருந்த அந்த அச்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பல்வரிசையில் குறுக்கே வரி வரியாகப் பள்ளம் ஓடியிருந்தது. ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் இருந்தன.

"யாரோடதும்மா இது?"

"எங்கக்காவோடது, டாக்டர்."

"அவங்களுக்கு வயித்துல ஏதாச்சும் தொந்தரவு உண்டா?"

சின்னவள் கையிலிருந்த மெழுகுக்கத்தியைக் கீழே வைத்தாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்து, "நீ கொஞ்சம் வாயத் திற" என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். "உனக்கும் லேசா இருக்கு. நாளைக்கே ஒரு குடல் டாக்டர்கிட்ட போயிடு. தள்ளிப்போடாத."

இரத்தம் எடுத்தார்கள். குழாய் விட்டுக் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைச்சத்தை அவள் உடம்பு எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது, அந்தச் சண்டையில் குடலின் உள்சுவர் தேய்ந்துபோயிருக்கிறது என்று குடல் டாக்டர் படம் வரைந்து காட்டினார். கோதுமை, பார்லி எதையும் இனித் தொடக்கூடாது, தொடாவிட்டால் குடல் தானே ஆறிவிடும் என்றார்.

"இது குடும்பத்துல வரக்கூடியது. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் பாத்துடுங்க."

"இருந்தாங்க" என்றாள் அவள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ரொட்டி கோதுமைலதான பண்றாங்க?"

"ஆமாம்மா."

அம்மா எழுந்து போனாள். மாவு டப்பாவைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள். டப்பாவைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தாள். சல்லடை, உருட்டுக்கட்டை, ரொட்டி வைக்கும் கூடை எல்லாம் மாவுக்குப் பின்னாலேயே குப்பைக்குப் போயின. திரும்பி வந்து கீரையை ஆய ஆரம்பித்தாள்.

கொஞ்ச நாள் சோறு, காய், முட்டை, பழம் என்று போனது. சின்னவளின் முகத்தில் இரத்தம் ஊறியது. கன்னத்தில் சதை வைத்தது. "அக்கா இப்பத்தான் மனுஷி மாதிரி இருக்கீங்க. இதுவரைக்கும் நீங்களும் ஒரு அச்சோன்னு நெனச்சேன்" என்று சுண்ணாம்பு சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மகள் தேறுவதைப் பார்த்த அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஊரின் மறுகோடியில் ஒரு பெரிய கடை, அங்கே கோதுமை இல்லாத ரொட்டி கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கி வந்தாள். அடுத்தடுத்துக் கோதுமை இல்லாத பிஸ்கட், சூப் பொடி, டப்பாவில் அடைத்த குழம்புச்சாறு, காய்ந்த பழங்கள். ஒவ்வொன்றின் மேலும், கோதுமை இல்லை என்பதற்கு அடையாளமாகக் கதிர்மேல் கோடு போட்ட படம் இருக்கிறதா என்று கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினாள். அந்த ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டு அம்மா எதிரிலேயே உட்கார்ந்தாள். சின்னவள் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

அது திரும்பி வந்தது.

முதலில் வயிறு உப்பியது. பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம். முகம் திகுதிகுவென்று எரியும், நெஞ்சு அடைக்கும், தலைக்குள் பனிமூட்டத்தைப் போட்டு மூடினதுபோல் ஆகும். அந்த மூட்டத்துக்குள் அவளுக்குத் தன் உடம்பு தன்னுடையது போலவே இராது. விலா எலும்புக்குக் கீழே கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு நிற்பாள். அது பெரியவள் நிற்கும் விதம். குளியலறைச் சுவரில் நெற்றியை வைத்துச் சாய்வாள். பெரியவள் சாயும் அதே இடம், சுண்ணம் பெயர்ந்து வழுவழுப்பாகியிருந்தது. வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு நடப்பாள். பின்னால் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வருவது கேட்கும். பெரியவளுக்குக் காலைத் தூக்கி வைக்கத் தெம்பிருக்காது, அப்படித்தான் நடப்பாள். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஒருநாள் கண்ணாடிக்கடையைத் தாண்டி நடக்கும்போது கண்ணாடியில் கீழே பார்த்தாள். தேய்ந்து வந்தது அவளுடைய கால்தான்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் அவள் வந்து நிற்க, அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"எழுந்துட்டியா பெரியவளே? இன்னும் கொஞ்ச நேரம் படுக்கறதுதான?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அம்மாவுக்கு உறைத்தது. கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. இருவருமே அதை எடுக்கக் குனியவில்லை.

அன்றைக்குத்தான் சின்னவளுக்குச் சந்தேகம் புகுந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. கை பழைய வழக்கத்தில் எதையோ கலக்கிறதோ? சூப் கெட்டியாக வரட்டும் என்று ஒரு பிடி மாவு? இது மறதியாக இருக்கலாம் என்று நினைக்க முடிந்தவரை பரவாயில்லாமல் இருந்தது. ஆனால் அம்மா அடுப்பைப் பார்த்து நின்று கிண்டிக்கொண்டே ஏதோ முணுமுணுப்பதை ஒருநாள் கேட்டாள். "இந்தா, இப்பச் சரியாயிடும், இந்தா" என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா எனக்குச் சமைக்கவில்லை, பெரியவளுக்குத்தான் சமைக்கிறாள், அவளுக்குக் கொடுத்ததையேதான் எனக்கும் கொடுக்கிறாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்த பிறகு அது போகவில்லை.

அம்மா இல்லாத நேரத்தில் டப்பாக்களைத் திறந்து முகர்ந்தாள். அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் தன் சாப்பாட்டுப் பொருள்களை ஒரு தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேலைசெய்யும் இடத்திலேயே சாப்பிட்டுக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா பூட்டைப் பார்த்தாள். பெட்டியின்மேல் படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்தாள். பூட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கூடத்தில் சமைக்க நேரமில்லை. வெந்நீர் ஊற்றினால் தயாராகும் சூப், பாக்கெட் ரொட்டி, பிஸ்கட் என்று மூன்று வேளையும் அதையே தின்றாள். கதிர்மேல் கோடு போட்ட படம் எல்லாவற்றிலும் இருந்தது. அம்மாவின் கை படாத சாப்பாடு. அப்படியும் உடம்பு முன்னைவிட மோசமானது. ஒரு மதியம் பாலிஷ் போடும் மோட்டாரில் ஒரு கிழவருக்கான பல்செட்டைப் பிடித்திருந்தாள். விரல் மரத்தது. பல்செட்டு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து சுவரில் மோதி உடைந்தது. அவள் நாற்காலியோடு சரிந்தாள்.

கண் திறந்தபோது சுண்ணாம்பின் முகம் மேலே குனிந்திருந்தது. அவருடைய புருவத்துப் பொடி அவள் கன்னத்தில் உதிர்ந்தது.

"பல்லு போனா போகட்டும், வேற கட்டிக்கலாம். உங்கள எந்த அச்சுல போட்டு எடுக்கிறது? எழுந்திருங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்றார். அவர் குரலில் அன்று கேலி இல்லை.

குடல் டாக்டர் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்தார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உள்ள கோதுமை போயிருந்தா இதுல காட்டிக்கொடுத்துடும். ஆனா அந்தச் சண்டையோட அளவு நல்லாவே எறங்கியிருக்கு. உங்க வீட்ல யார் சமைக்கிறாங்க?"

"அம்மா."

"ரொம்பச் சுத்தமா சமைக்கிறாங்க. அவங்களுக்கு நான் சொன்னதாச் சொல்லுங்க."

சின்னவள் தலை குனிந்துகொண்டாள். டாக்டர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டு, "கவலப்படாதீங்க, வேற ஏதோ இருக்கு, கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லிப் பக்கத்து அறையிலிருந்த உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

ஆலோசகர் பரபரப்பில்லாத ஒரு பெண்மணி. என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பாக்கெட்டுகளைப் பற்றிச் சொன்னதும் நிறுத்தினார்.

"அதுல கோதுமை இல்ல, சரி. என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"கோதுமை இல்லன்னா போதும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. மாவ இழுத்துப் பிடிக்கிறது அந்தக் கோதுமைப் பசைதான். அத எடுத்துட்டா ரொட்டி உதிர்ந்துபோயிடும். அதனால கோந்து மாதிரி ஏதாவது சேர்ப்பாங்க. கெடாம இருக்க ஒண்ணு, ருசிக்கு ஒண்ணு, நெறத்துக்கு ஒண்ணு. எதுவும் விஷமில்ல. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா உங்க மாதிரி குடல் புண்ணாகி ஆறிட்டு வர்றவங்கள்ல சிலருக்கு ஒத்துக்கிறதில்ல. உங்களுக்கு எதுன்னு இப்பவே சொல்லத் தெரியாது. நாமதான் பாக்கணும்."

கோந்து என்றதும் அவளுக்கு அச்செடுக்கும் பொடி ஞாபகம் வந்தது. தண்ணீரில் குழைத்து வாய்க்குள் வைத்ததும் தளதளவென்று உறைந்து அப்படியே பிடித்துக்கொள்ளும்.

பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் ஒதுக்கினாள். மறுபடி வெறும் சோறு, வேகவைத்த காய், முட்டை. வாரங்கள் போகப்போக மூட்டம் விலகியது. பிறகு ஆலோசகர் சொன்னபடி ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தாள். பிஸ்கட் ஒன்றும் செய்யவில்லை. ரொட்டியைத் தின்றதும் வயிறு மேளம்போல் இறுகியது. காய்ந்த பழத்தை வாயில் போட்ட சற்று நேரத்தில் நெஞ்சை அடைத்து, முகம் எரிந்தது. பழம் கறுக்காமல் இருக்க அதில் கந்தகத்தோடு சேர்ந்த ஏதோ உப்பைப் போடுகிறார்கள் என்று ஆலோசகர் விளக்கினார். சூப் பொடியைச் சோதிக்க அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இல்லாமலே நான் உயிரோட இருந்துக்கிறேன்" என்றாள். ஆலோசகரும் வற்புறுத்தவில்லை.

சோதனையெல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். சின்னவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ரொட்டியிலிருந்த கோந்தைப் பற்றிச் சொன்னாள். பழத்தைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் அம்மாவைப் பாராட்டினதைச் சொன்னாள். பிறகு, "உன்மேலதான் சந்தேகப்பட்டேன்மா" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு." அம்மா சீப்பிலிருந்து முடியை எடுத்து விரலில் சுற்றினாள். "பெரியவளுக்கு நான் என்ன வெஷம்னு தெரிஞ்சா குடுத்தேன்? கையால பெசஞ்சு ஊட்டினேன். அப்பவும் இந்தக் கைதான். இப்பவும் இந்தக் கைதான். நீ மெலிய மெலிய, இந்தக் கை என்னமோ பண்ணுதுன்னு நெனச்சேன். நீ பூட்டு போட்டப்ப எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

சின்னவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"கடைசில அவ வேணாம்னா. பேச முடியல, வாயெல்லாம் புண்ணு. பல்லக் கடிச்சுக்கிட்டுக் கண்ணால வேணாம்னா. ஒரே ஒரு வாய்னு சொல்லி, கன்னத்த அழுத்தித் தெறந்து ஊட்டினேன். முழுங்கிட்டு என்னையே பாத்தா. கோவமெல்லாம் இல்ல. இவளுக்குத் தெரியலயேன்னு பாத்தா." அம்மாவின் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது, அழுகை இல்லை. "அந்தக் கடைல கோதுமை இல்லாத ரொட்டி இருக்குன்னு சொன்னாங்கல்ல. நான் உனக்கு மட்டும் வாங்கலடி. இத அவளுக்கு அப்பவே குடுத்திருந்தா பொழச்சிருப்பான்னு நெனச்சுதான் ஓடினேன். சூப்பக் கிண்டும்போது அவ பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கும். இந்தா, இப்பச் சரியாயிடும்னு சொல்லுவேன். அதுவும் ஆகாதுன்னா, நான் வேற எதத்தான் குடுப்பேன்?"

சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்தாள். அது ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. யாருக்கும் தெரியாதும்மா, டாக்டருக்கே தெரியல என்று சொன்னாள். அது உண்மை. அம்மா தலையாட்டினாள். ஆனால் அவள் பார்வை சின்னவளின் தோளுக்குப் பின்னால், குளியலறைச் சுவர்ப்பக்கமே இருந்தது.

அதன்பின் சின்னவளுக்கு அவ்வளவாக உடம்புக்கு வந்ததில்லை. உடைந்த பல்செட்டைத் தன் கையாலேயே மறுபடி செய்துகொடுத்தாள். விருந்துகளுக்குப் போனால் வெறும் வயிற்றோடு திரும்புவாள், அதற்குக் கேலியும் கேட்டுக்கொள்வாள். கடைகளில் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது பழகிவிட்டது. பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாள். செருப்புச் சத்தம் எப்போதாவது கேட்கும். உடம்பு நன்றாக இருக்கும் நாள்களிலும் கேட்பதால், அதற்குச் சாப்பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வாள்.

வீட்டில் இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். சின்னவள் முதல் வாயை விழுங்கும்வரை அம்மா தன் தட்டில் கை வைப்பதில்லை. விழுங்கின பிறகும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. நீ சாப்பிடு."

"சாப்பிடறேன். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்."

அம்மாவின் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.